கணிப்பொறிக்குச் சொன்ன நட்சத்திரம்

1

போன வாரம் இங்கே சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில் இருக்கும் எங்கள் வங்கிக்குப் போனேன். வரிசையில் நின்று, என் முறையும் வந்து, செய்ய வேண்டியதைச் செய்யாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். திருடச் சொன்னார்களா என்ன? சுவரில் பதித்த இயந்திரத்தில் பணம் எடுக்க ஒரு அட்டை தந்தார்கள். அதற்கு நான்கு இலக்க எண் ஒன்றை நானே யோசித்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

கவுன்டரில் இருந்தது நம்ம தமிழ்ப் பெண். சின்னப் பெட்டி ஒன்றை என் பக்கம் தள்ளி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச நம்பரா போடுங்க. பர்த்டே, வீட்டு நம்பர் எல்லாம் வேணாம் லா, ஈசியா கண்டுபிடிச்சிடுவாங்க."

எனக்கு மட்டும் தெரிந்த எண் எது? பிறந்த தேதி அடையாள அட்டையில் இருக்கிறது. வீட்டு எண் கதவில் இருக்கிறது. கல்யாண நாள் பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்த விஷயம். எனக்குப் பின்னால் இருந்த சீனக் கிழவர் தொண்டையைச் செருமினார். விரல் பெட்டியின் மேலே போவதும் வருவதுமாக இருந்ததே தவிர, எதையும் அழுத்தவில்லை. "இன்னொரு நாள் வர்றேம்மா" என்று எழுந்து வந்துவிட்டேன்.

"நம்பர் போடத் தெரியாம பேங்க்லேர்ந்து திரும்பி வந்த டைப்பிஸ்ட் நீ ஒருத்திதான்" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்து ஒன்றைப் போட்டேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பது அவருக்கும் தெரியும்.

அங்கே இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். கணிப்பொறி அங்கேயும் வந்துகொண்டிருக்கிறது என்று தம்பி எழுதியிருந்தான்.

2

நான் வேலை பார்ப்பது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில். செலிகி ரோட்டில் இருக்கிறது, தேக்காவுக்கு நடந்தே போய்விடலாம். தேக்கா என்றால் நம்ம சனங்களின் கடை, கோயில், சாப்பாடு எல்லாம் இருக்கிற இடம். வெள்ளைக்காரர்கள் லிட்டில் இந்தியா என்பார்கள்.

விருத்தாசலத்தில் ஹையர் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு, எழுபதுகளின் ஆரம்பத்தில் கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். கவிதா இங்கேதான் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இந்த வேலையில் சேர்ந்தேன். வெகுகாலம் தட்டச்சுதான். பிறகு ஒருநாள் தட்டச்சுப் பொறிகளையெல்லாம் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டு, ஆளுக்கொரு கணிப்பொறித் திரையை மேசையில் வைத்தார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. எனக்குக் கொடுத்த வேலை, காப்பீடு எடுக்க வருகிறவர்களின் உடம்பு விவரங்களை உள்ளே ஏற்றுவது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கர்ப்பப்பை ஆபரேஷன், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா, இப்படி. நம்ம ஊரில் வாயைப் பொத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொல்கிற சமாசாரம் அத்தனையையும் முகம் தெரியாதவர்களைப் பற்றி நான் மளமளவென்று அடித்துக்கொண்டிருப்பேன்.

அந்தத் திரைகளில் எல்லோராலும் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. உடம்பு விவரம் எங்கள் பிரிவில் இருப்பவர்களுக்கு மட்டும் திறக்கும். அதற்குப் பெயரையும் ஒரு ரகசியச் சொல்லையும் கொடுக்க வேண்டும். கணிப்பொறிப் பிரிவில் இருந்த லிம் என்கிற இளைஞர்தான் எங்களுக்குப் பழக்கிவிட்டார். "இந்த ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு சொல்லாகப் பாருங்கள்" என்றார்.

நான் நன்றாகத்தான் யோசித்தேன். சிங்கப்பூரில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே எதற்கெடுத்தாலும் ஒரு பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், மதம், இனம், என்ன மொழி பேசுவீர்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில், மருத்துவமனையில், வீட்டுவசதி அலுவலகத்தில், குடிநுழைவு அலுவலகத்தில் என்று நான் நிரப்பாத பாரமில்லை. அத்தனையிலும் ஒருவர்கூடக் கேட்காத ஒன்று இருந்தது: பிள்ளையின் நட்சத்திரம். கவிதா பிறந்தது ரோகிணியில். அரசாங்கத்துக்கே தெரியாத விஷயம் வேறு யாருக்குத் தெரிந்துவிடப் போகிறது? ரோகிணி என்று ஆங்கிலத்தில் அடித்தேன். கணிப்பொறி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. எனக்கு ரொம்பப் பெருமை.

காலை வேளையில் அவசரத்தில் எழுத்து மாறி அடித்து, திரை பூட்டிக்கொண்டு, லிம்மைக் கூப்பிட வேண்டியிருந்தது. பாவம், எத்தனை முறைதான் வருவார்? கடைசியில் என் மேசைப் பொறியில் மட்டும் ஒரு வசதி செய்து கொடுத்தார். மேல் வரிசையில் ஒரு பொத்தானைத் தட்டினால் என் பெயரும் ரகசியச் சொல்லும் தாமாகவே உள்ளே போய்விடும். நான் ஞாபகம் வைத்திருக்கவே வேண்டாம், பொறி வைத்துக்கொள்ளும். எனக்கு ஒரே குஷி.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நானும் விமலா அக்காவும் நடந்தே சிராங்கூன் ரோடு கோயிலுக்குப் போவோம். விமலா அக்கா எங்கள் அலுவலகத்திலேயே இரண்டாம் மாடியில், பிரீமியம் பணம் வசூலிக்கிற சந்தாப் பிரிவில் இருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தாய் தகப்பன் போன பிறகு தங்கை சாந்தியை வளர்த்ததே அவர்தான். நான் வந்த புதிதில் எந்த பஸ், எந்தச் சந்தை, எந்த டாக்டர் என்று கையைப் பிடித்துக் காட்டியவரும் அவர்தான். கவிதாவை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விடப் போனபோது ஆசிரியையிடம் ஆங்கிலத்தில் பேசியது அவர். நான் பின்னால் நின்று தலையாட்டினேன்.

கோயிலில் அர்ச்சனைச் சீட்டைக் கொடுத்தால் குருக்கள் "பேர், நட்சத்திரம்?" என்று கேட்பார். வெள்ளிக்கிழமைக் கூட்டம், மேளச் சத்தம், மணிச் சத்தம். கத்தினால்தான் அவர் காதில் விழும்.

"கவிதா, ரோகிணி நட்சத்திரம்!"

பக்கத்தில் நின்று விமலா அக்கா கத்துவார். "சாந்தி, பூச நட்சத்திரம்! கல்யாணம் கூடி வரணும் சாமி!"

3

எண்பத்தாறில் ஒருநாள் எங்கள் மேலாளர் திருமதி டான் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே ஒரு தமிழ்ப் பெரியவரும் இருபத்தெட்டு முப்பது வயதில் ஒரு இளைஞரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. இளைஞர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கிறது. மருந்து சாப்பிட்டு, நின்று, பல வருஷமாகிவிட்டது. சொந்தக்காரர்களுக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காப்பீடு எடுக்க வந்தபோது, உண்மையைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நாங்கள் கேட்டதால், எங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். பிறகு அவருக்கு ஒரு வரன் பேசி, பூ வைக்கிற அளவுக்கு வந்து, சட்டென்று பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். காரணம் கேட்டால், "உங்க பையனுக்கு வலிப்பாமே" என்று தரகர் சொல்லியிருக்கிறார். எங்கள் அலுவலகத்தைத் தவிர இது வெளியே போக வேறு வழியே கிடையாது என்று பெரியவர் மேசையைத் தட்டினார். இன்னொரு வீட்டுப் பெண்ணின் பேரைக் கெடுக்கக் கூடாது என்று, பெண் வீட்டார் யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

திருமதி டான் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். யார் எதைப் பார்த்தார்கள் என்பதைக் கணிப்பொறி தன்பாட்டில் குறித்து வைத்துக்கொள்ளும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் உடம்பு விவரத்தை ஒரு பிற்பகலில் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் என் பெயர் இருந்தது.

"இந்தப் பெயரை யாரெல்லாம் பயன்படுத்துவீர்கள்?" என்று திருமதி டான் கேட்டார். என் பெயரை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் எனக்கு வந்த ஆங்கிலம், "ஐ ஒன்லி மேடம், ஐ ஒன்லி." நான்தான், நான்தான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. திருமதி டான் பேனாவை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

வெளியே வரும்போது அந்தப் பிள்ளை கதவருகே நின்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அக்கா, நீங்களா பாத்தீங்க?"

"இல்லப்பா, சத்தியமா நான் இல்ல."

"என் கூட்டாளிங்ககிட்டகூட நான் சொன்னதில்லக்கா. உங்க ஆபீஸ்லதான் சொன்னேன்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா முன்னால் போய்விட்டார், அவரும் பின்னாலேயே போனார். அந்த விவரத்தை உள்ளே ஏற்றியவளும் நானாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ பேர்.

4

அந்த நேரத்தில் எங்கள் வீட்டு நிலைமையைச் சொன்னால்தான் நான் ஏன் அப்படி நடுங்கினேன் என்று உங்களுக்குப் புரியும். அதற்கு முந்தைய வருஷம் இங்கே தொழில் படுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கப்பல் பட்டறையில் ஆட்குறைப்பு. அவர் தினமும் சட்டை மாட்டிக்கொண்டு வேலை தேடிப் போவார், சாயங்காலம் சட்டை கசங்கி வருவார். நிரந்தரவாசத்துக்கு, இங்கே பிஆர் என்பார்கள், மனுப் போட்டிருந்தோம். அது கிடைத்தால் இங்கேயே இருக்கலாம், கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த மனுவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது என் சம்பளமும் என் அலுவலகம் தர வேண்டிய நற்சான்றும். ரகசியத்தை வெளியே விட்டவள் என்று என்னை அனுப்பினால் நற்சான்று யார் கொடுப்பார்கள்?

எங்கள் இருவருக்கும் போக ஒரு ஊர் இருக்கிறது. கவிதாவுக்கு விருத்தாசலம் என்பது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போய், கொசுக்கடியோடு திரும்பி வருகிற இடம். அடுத்த வருஷம் அவளுக்கு ஓ லெவல் பரீட்சை, நம்ம ஊர்ப் பத்தாவது மாதிரி. தமிழில் நான்கு வரி எழுதச் சொன்னால் மூன்றாவது வரியில் பெருமூச்சு விடுவாள். அவளைக் கொண்டுபோய் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேன்? அந்த வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை.

எனக்கு முதலில் அந்தப் பொத்தான் மேல்தான் சந்தேகம். சாப்பாட்டு நேரத்தில் யாரோ என் மேசையில் உட்கார்ந்து ஒரு தட்டுத் தட்டியிருக்க வேண்டும். லிம்மிடம் ஓடினேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். திறந்தது என் மேசைப் பொறியில் இல்லை. இரண்டாம் மாடியில், சந்தாப் பிரிவில் இருக்கும் பொறி ஒன்றில். அங்கே அந்தப் பொத்தான் வசதி கிடையாது. யாரோ என் பெயரையும் ரகசியச் சொல்லையும் கையாலேயே அடித்திருக்கிறார்கள், அதுவும் முதல் தடவையிலேயே சரியாக. "நீங்கள் யாரிடம் சொன்னீர்கள்?" என்று கேட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். லிம் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை.

வீட்டில் சமையலறையில் நின்றுகொண்டு இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். கவிதா கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அப்போதே கதவைச் சாத்துகிற வயது வந்துவிட்டது. தட்டாமல் உள்ளே போனால் "அம்மா, பிரைவசி ப்ளீஸ்" என்பாள். எங்கள் வீட்டில் கதவு என்பதே ராத்திரி திருடனுக்காகச் சாத்துவதுதான், பிள்ளை பெற்றோருக்குச் சாத்துகிற வழக்கமில்லை என்று நான் கத்துவேன். அன்றைக்கு அவளே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் கிளப்பில் இருந்தாள்.

"அம்மா, உங்க பாஸ்வர்ட் என்னா?"

"உன் நட்சத்திரம்தான்டி. ரோகிணி."

அவள் வாயைப் பிளந்தாள்.

"ஐயோ அம்மா! எவ்ரி ஃப்ரைடே கோயில்ல நின்னு கத்துறீங்களே, அதுவா? மைக் இல்லாத குறைதான் லா. ஹோல் டெம்பிளுக்கே தெரியும்!"

"கோயில்ல தெரிஞ்சா என்ன? அது சாமிகிட்ட சொல்றது."

"சாமி மட்டுமா நிக்குது அங்க? பக்கத்துல யாரு நிக்கிறா, அதைச் சொல்லுங்க."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, என் வீட்டுக்காரர்தான் அணைத்தார். இரண்டாம் மாடி. சந்தாப் பிரிவு. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் கோயிலில் சாந்தியின் சம்பந்தம் என்னவாயிற்று என்று கேட்டதற்கு, "அது சரிப்படல ஜெயா, விட்டுட்டோம்" என்று விமலா அக்கா பேச்சை மாற்றியிருந்தார்.

5

எனக்குக் கல்யாணம் பேசியபோது அப்பா என்ன செய்தார் தெரியுமா? மாப்பிள்ளை ஊருக்குப் பஸ் ஏறிப்போய், அங்கே டாக்டர் கிளினிக்கில் இருந்த கம்பவுண்டருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். மாப்பிள்ளைக்குப் பதினைந்து வயதில் மஞ்சள்காமாலை வந்தது, வலது காதில் சீழ் வந்து ஆறியது, அவர் சித்தப்பா குடித்துச் செத்தது வரை கம்பவுண்டர் ஒப்பித்திருக்கிறார். அப்பா திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னார். யாரும் முகம் சுளிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் சும்மா இல்லை, நான் படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். விசாரிக்காமல் பெண் கொடுத்தால்தான் அப்பாவைக் குறை சொல்லியிருப்பார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தும், அந்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் விமலா அக்காவை நிறுத்திக் கேட்டேன்.

"அக்கா, என் பேர்ல நீங்களா பாத்தீங்க?"

அவர் மழுப்பவில்லை. அது அவர் குணம்.

"ஆமா. பாத்தேன். நீ கவிதாவோட நட்சத்திரத்தைத்தான் வச்சிருப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

"எப்படிக்கா மனசு வந்துச்சு?"

"என் தங்கச்சி வாழ்க்கை ஜெயா. ஊர்ல இருந்தா உங்க அப்பா மாதிரி நாலு பேரை விட்டு விசாரிச்சிருப்பாங்க. எங்கப்பா இருக்காரா? மாமன் மச்சான் இருக்காங்களா? எனக்கு இங்க யாரு இருக்கா விசாரிக்க? கம்ப்யூட்டர்தான் இருந்துச்சு."

"என் வேலை போயிருமேன்னு நெனைக்கலையா? எங்க பிஆர் நின்னு போச்சுன்னா கவிதா எங்க போவா?"

அக்காவின் முகம் மாறியது. அந்தப் பொறி இதையெல்லாம் குறித்து வைக்கும் என்று அவருக்கும் தெரியாது. பார்த்துவிட்டு மூடிவிட்டால் முடிந்தது என்று நினைத்திருக்கிறார்.

"யாரு பாத்தாங்கன்னு அதுல தெரியுமா?"

"தெரியும்க்கா. என் பேருதான் இருக்கு."

"நான் தப்பா எதுவும் பண்ணல" என்றார், குரல் மட்டும் இறங்கியிருந்தது. "அவங்க மறைச்சாங்க. நான் கண்டுபிடிச்சேன். அது தப்பா?"

"அந்தப் பையன் மூஞ்சியைப் பாத்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்கக்கா."

"பாத்தேனே. நல்ல பையன்தான்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போகாமலே செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார். நான் அர்ச்சனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னதில் பாதி நியாயம் என்றும் பட்டது. அதுதான் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது.

6

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் ஆங்கிலத்தில் பேசிப் பழகினேன். திருமதி டானிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கவிதா வாக்கியங்களைச் சொல்லிக் கொடுத்தாள். ஐ ஒன்லி என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள் என்றாள். "விமலா ஆன்ட்டி பேரைச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். சொல்வேன் என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு யார் விரலைப் பிடித்துக்கொண்டு போனோம் என்பது அவளுக்கும் மறந்திருக்காது.

திங்கட்கிழமை காலை திருமதி டானின் அறைக்கு வெளியே போய் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. திறந்தபோது உள்ளேயிருந்து விமலா அக்கா வந்தார். நல்ல பட்டுச் சேலை கட்டியிருந்தார், ஏதோ விசேஷத்துக்குப் போகிற மாதிரி. கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல், தோளில் இடிக்காத குறையாக என்னைக் கடந்து போய்விட்டார். அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று திருமதி டான் சொன்னார். நான் வாயில் வைத்திருந்த வாக்கியம் எதற்கும் வேலையில்லாமல் போயிற்று.

அக்காவை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். ஊகிக்க முடிகிற ரகசியச் சொல் வைத்ததற்காக எனக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். நற்சான்றும் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து நிரந்தரவாசம் கிடைத்தது. என் வீட்டுக்காரருக்கும் ஒரு கிடங்கில் வேலை அமைந்தது. கவிதா பரீட்சை எழுதினாள், நன்றாகவே எழுதினாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று ஊருக்குக் கடிதம் போட்டேன். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. தேக்காவில் காய்கறி வாங்கும்போது அந்த வயதில் யாரைப் பார்த்தாலும் இன்றைக்கும் எனக்குத் திக்கென்று இருக்கும்.

லிம் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார். நானே எடுக்கச் சொன்னேன். இப்போது தினமும் காலையில் கையால்தான் அடிக்கிறேன். மாதம் ஒருமுறை சொல்லை மாற்றுகிறேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் திரையை மூடிவிட்டுத்தான் போகிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். வீட்டில்கூட அடுப்பை அணைத்தேனா என்பதைவிட அலுவலகத்தில் திரையை மூடினேனா என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

புதுச் சொல்லைத் தேடுவதுதான் பெரும்பாடு. குலதெய்வம் பெயர் வேண்டாம், அது மொட்டை போட்ட படத்தின் கீழே எழுதியிருக்கிறது. பிடித்த பலகாரம் வேண்டாம், அது தீபாவளிக்குத் தீபாவளி எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது. நம்ம வாழ்க்கையில் பிறர் காதில் விழாத மாதிரி எதைத்தான் வைத்திருக்கிறோம்? இதைக் கவிதாவிடம் கேட்டால், "அதுக்குத்தான்ம்மா கதவைச் சாத்தணும்" என்கிறாள். இப்போதெல்லாம் நான் தட்டிவிட்டுத்தான் அவள் அறைக்குள் போகிறேன்.

7

அன்றிலிருந்து கோயிலில் நான் பெயர் சொல்வதில்லை. குருக்கள் "பேர், நட்சத்திரம்?" என்றால், "சுவாமி பேருக்கே பண்ணுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, தவறில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சங்கடம். பெற்ற பிள்ளைக்கு வேண்டிக்கொள்ளப் போய், அவள் பெயரை மறைத்துவிட்டு வருகிறேனே, எந்தக் கவிதா என்று சாமிக்குத் தெரிய வேண்டாமா? இந்த வருஷம் அவள் மேற்படிப்புக்குப் போயிருக்கிறாள். யாருடன் பேசுகிறாள், எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரிவது வரவரக் குறைந்துகொண்டே போகிறது. இந்த நேரத்தில்தான் பெயர் சொல்லி வேண்ட வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனாலும் வாய் வருவதில்லை.

வங்கியிலிருந்து ஓடி வந்த அதே வாரம், வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் வேலை முடிந்து கோயிலுக்குப் போனேன். நல்ல கூட்டம். சீட்டை நீட்டினேன்.

"பேர், நட்சத்திரம்?"

"சுவாமி பேருக்கே பண்ணுங்க."

குருக்கள் தலையாட்டிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரிடம் சீட்டுக்குக் கை நீட்டினார்.

"சாந்தி, பூச நட்சத்திரம்!"

எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டு இரண்டு வருஷமாகிறது. உட்லண்ட்ஸ் பக்கம் வீடு மாற்றிப் போய்விட்டார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். குருக்கள் சீட்டை வாங்கிக்கொண்டு நகரப் பார்த்தார். பின்னாலிருந்து அந்தக் குரல் அவரை நிறுத்தியது.

"சாமி, இன்னொரு பேர் இருக்கு. கவிதா, ரோகிணி நட்சத்திரம். படிக்கிற புள்ள. நல்லா இருக்கணும்."

மேளச் சத்தத்தையும் மீறி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஏன் சொன்னீர்கள் என்று திரும்பிச் சண்டை போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினேன். அக்கா பிடித்துக்கொண்டார்.

உள்ளே குருக்கள் என் பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொல்லத் தொடங்கினார்.